துக்க வீட்டில் தெரியும் விசுவாசம்

துன்பம் வரும்போது கடவுளை நம்புவது எப்படி என்ற கேள்விக்கு நீலகிரித் திருச்சபைகள் ஒருபோதும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. ஊட்டி காந்தல் குருசடியில் முழங்காலிட்டிருப்பவரின் பதில் ஒன்று. கேத்திப் பள்ளத்தாக்கில் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவராக இருக்கும் படுகர் குடும்பத்தின் பதில் வேறொன்று. குன்னூர்ச் சரிவில் தகரக் கூரைக்கு அடியில் கூடும் பெந்தெகொஸ்தே சபையார் கைதட்டிப் பாடிச் சொல்வது இன்னொன்று. இவர்கள் எல்லாரும் ஒரே சிலுவையைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒரே வாசலில்தான் வந்து உட்காருகிறார்கள். ஆகவே இந்த மரபுகளை ஒப்பிட்டுப் பார்க்கத் துக்க வீட்டைவிடத் தகுந்த இடம் இல்லை. சபை விழா மலருக்கு எழுதுகிறவர்கள் சபைகளின் பெருமைகளை அடுக்கிவிட்டுப் போவது வழக்கம். இந்த விஷயத்தில் அது போதாது. நம் விசுவாசம் அழுகிறவர்களைத் தாங்கியிருக்கிறதா, அவர்கள் தலையில் இன்னொரு சுமையை ஏற்றியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும்.

ஊட்டியின் பரிசுத்த ஸ்தேவான் ஆலயத்திலிருந்து தொடங்கலாம். சென்னை மாகாண ஆளுநர் லஷிங்டன் காலத்தில் 1829இல் அடிக்கல் நாட்டி, 1831 உயிர்த்தெழுந்த ஞாயிறன்று வழிபாட்டுக்குத் திறந்தார்கள். கூரையைத் தாங்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. ஆலயத்துக்குப் பின்னால் மேடாக ஏறும் கல்லறைத் தோட்டத்தில், ஊட்டி நகரத்தை உருவாக்கிய கோவை கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மகளும் கிடக்கிறார்கள். சமவெளியின் காய்ச்சலுக்குப் பயந்து, உடம்பு தேற வேண்டும் என்று மலையேறி வந்தவர்கள் அந்த வெள்ளைக்காரர்கள். இங்கேயும் மரணம் அவர்களை விடவில்லை. அந்தத் தோட்டத்தில் நடந்தால் ஆண்டவரின் சித்தம் என்று தலைவணங்கி வாயை மூடிக்கொள்ளும் ஒரு பக்தியைக் கல்லில் பார்க்கலாம். முறையிட ஒரு வார்த்தை இல்லை. அதே உத்தரங்களை மலைமேல் ஏற்றியவர்களின் பிள்ளைகளும் செத்திருப்பார்கள். அவர்களுக்குக் கல் இல்லை. அவர்கள் எப்படி அழுதார்கள் என்று எழுதி வைக்கவும் ஆள் இல்லை. மலையில் கிறிஸ்தவத் துக்கத்தின் வரலாற்றை எழுதப் புகுகிறவர் இந்தக் குறையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1860களில் ஊட்டியில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜி.யு. போப் ஐயர் பின்னாளில், 1886இல், திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் 63ஆம் அதிகாரம் 'இடுக்கண் அழியாமை'. துன்பம் வந்தால் நகைத்து நில், துன்பமே துன்பப்பட்டுப் போகும்படி உறுதியாக இரு என்பது அதன் போக்கு. வேதாகமத்தின் யோபோ சால்வையைக் கிழிக்கிறார், சாம்பலில் உட்காருகிறார், தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். தமிழ்க் கிறிஸ்தவர்களாகிய நாம் இந்த இரண்டையும் சேர்த்தே பெற்றிருக்கிறோம். எங்கள் துக்க வீடுகளைக் கவனித்தால் இது தெரியும். ஆண்கள் வெளியே பெஞ்சில் கண் கலங்காமல் குறளின்படி உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே பெண்கள் யோபின்படி மாரில் அடித்துக்கொண்டிருப்பார்கள். சபைப் பெரியவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, அழாதீங்கம்மா, விசுவாசிகள் இப்படி அழலாமா என்று அதட்டுவதையும் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். வேதத்தின் எந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள் என்று எனக்கு விளங்கியதே இல்லை.

கத்தோலிக்க மரபு அழுகையை அதட்டவில்லை. அழுகைக்கு அது ஒரு முறையும் ஒரு காலமும் ஒதுக்கிக் கொடுத்தது. 1603இல் ஏசு சபைக் குரு ஃபினிசியோ மலையாளக் கரையிலிருந்து ஏறி வந்து தோடரைப் பார்த்துத் திரும்பியதோடு இங்கே அதன் கதை தொடங்குகிறது. பின்னர் அது நிலையாக வேரூன்றி, 1955இல் உதகை மறைமாவட்டம் அமைந்தது. ஆனால் துன்பத்தைப் பற்றிய அதன் தமிழ், மலையில் பிறந்தது அல்ல. கடலோரத்திலும் இலங்கையிலும் பிறந்தது. டச்சுக்காரர் கத்தோலிக்கரை ஒடுக்கிய நாட்களில் இலங்கையில் பணிசெய்த கோவாக் குரு யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) எழுதிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் இராகம் போட்டு இழுத்து வாசிக்கப்படும் நூல். ஒடுக்கப்பட்ட சபைக்காக எழுதப்பட்டதால் அதில் வெறும் உபதேசம் குறைவு, கண்ணீர் அதிகம். மகனைச் சிலுவையில் பார்த்து நிற்கும் தாயின் பக்கத்தில் கேட்பவரையும் கொண்டுபோய் நிறுத்திவிடும் எழுத்து அது.

காந்தல் குருசடியில், ஆண்டவரின் சிலுவைத் துண்டு என்று போற்றப்படும் திருப்பண்டம் இருக்கிறது. மே 3 திருவிழாவுக்கு மலையெங்கும் இருந்து சனங்கள் வருவார்கள். கிறிஸ்தவர் மட்டும் வருவதில்லை. கைக்குழந்தையோடு வரும் இளம்பெண், கட்டுப்போட்ட காலோடு வரும் தோட்டத் தொழிலாளி, மகனின் குடிக்காக வேண்டிக்கொள்ள வரும் கிழவி. மெழுகுவர்த்தியைப் பற்ற வைத்துவிட்டுக் கிழவி பேச ஆரம்பித்தால் அது மன்றாட்டா வழக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் பிள்ளையை எனக்குத் திருப்பிக் கொடு, நீ பார்த்துக்கிட்டுத்தானே இருக்க, என்று குரலை உயர்த்திக் கேட்பாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. குருசடியில் அது வழக்கமான பேச்சு. சிலுவையில் தொங்குகிறவருக்கு வேதனை என்றால் என்னவென்று தெரியும், அவரிடம் நாகரிகம் பார்த்துப் பேசத் தேவையில்லை என்பதே இந்த மரபின் பலம். இதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. சிலுவையை ஒப்புக்கொடு, பாடுகளோடு உன் பாட்டையும் சேர்த்துக்கொள் என்ற அறிவுரை, தினமும் அடி வாங்கும் மனைவிக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே அது மருந்தாக இல்லை.

சீர்திருத்தச் சபைகளின் பாதை வேறு. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு அங்கிருந்த டேனியத் தளபதியோடு மோதிச் சில மாதங்கள் சிறையில் கிடந்தார். தமிழ் வேதாகமத்தைச் செப்பனிட்ட ஃபப்ரிசியுஸ் (1711–1791) சபையாரின் பணத்தைக் கையாண்டு, கொடுத்த கடன் திரும்பாமல், முதுமையில் கடன்காரர் சிறைக்குப் போனார். இன்றும் பாமாலைப் புத்தகத்தில் பாடுகிற ஜெர்மானியப் பாட்டுகள் பல அவர் தமிழாக்கியவை. அவற்றை எழுதியவர்களில் பெரியவரான பவுல் கெர்ஹார்ட் (1607–1676) முப்பதாண்டுப் போரின் நாசத்தில் வளர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் நால்வரையும் மனைவியையும் அடக்கம் செய்தவர். பாமாலையில் அமைதியான மெட்டில் வரும் நம்பிக்கைப் பாட்டுகளை மேலோட்டமாகப் பாடிவிட்டுப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போரையும் சாவையும் கண்ட ஒருவர் எழுதியவை அவை. மூலம் எழுதியவரும் துன்பப்பட்டவர், தமிழில் கொண்டுவந்தவரும் துன்பப்பட்டவர் என்பதால்தான் நம் அடக்க ஆராதனைகளில் அந்தப் பாட்டுகள் இன்னும் நிற்கின்றன.

இந்த ஜெர்மானியப் பக்தி நீலகிரிக்கு நேராக வந்தது 1846இல். ஓய்வுபெற்ற நீதிபதி காசமேஜர் கேத்தியில் குடியேறி, தம் சொத்தை ஊழியத்துக்குக் கொடுத்து, பாசல் மிஷனை அழைத்துக்கொண்டார். 1849இல் அவரே இறந்துபோனார். மெட்ஸ் முதலிய மிஷனரிகள் ஹட்டி எனப்படும் படுகர் ஊர்களுக்கு ஒவ்வொன்றாக நடந்து படுக மொழியில் பேசிப் பார்த்தார்கள். முதல் படுகர் ஞானஸ்நானம் பெற்றது 1858இல். பன்னிரண்டு வருஷம் ஒரு பலனும் காணாத உழைப்பு. பிறகு வந்தவர்களுக்கோ ஹட்டியில் இடமில்லை, உறவில் சம்பந்தமில்லை என்ற நிலை. முதல் உலகப் போர் வந்தபோது ஜெர்மானிய மிஷனரிகளைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்து நாட்டைவிட்டே அனுப்பியது. இங்கிருந்த சபையார் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாசல் மரபு துன்பத்துக்குச் சொன்ன பதிலில் பேச்சு குறைவு. வேலையைச் செய், வேதத்தை வாசி, பிள்ளையைப் படிக்க வை, காத்திரு. அழுது புரளும் கிழவிக்கு இது வறட்சியாகத் தெரியலாம். ஆனால் காத்திருப்பது எப்படி என்று இந்த மலைக்கு நடந்து காட்டியவர்கள் அவர்கள். படுகக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஆசிரியர்களும் செவிலியர்களும் இத்தனை பேர் இருப்பதற்கு அந்தப் பொறுமையும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

ஆங்கிலிக்கன் வழியில் வந்து இன்று தென்னிந்தியத் திருச்சபையாக இருப்பவர்களிடம் படுக்கையிலிருந்து பேசும் ஒரு மரபு உண்டு. அதன் தலைசிறந்த குரல் ஏமி கார்மைக்கேல். நெல்லை மாவட்டம் டோனாவூரில் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தவர். கோடையில் இந்த மலைகளில் வந்து தங்கியவர். 1931 அக்டோபர் 24 அன்று தவறி விழுந்து கால் முறிந்தது. அதன்பின் 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. நோயாளிகளுக்கென்று ஆரோக்கியமானவர்கள் எழுதிய புத்தகங்கள் தமக்கு உதவவில்லை என்று கண்டு, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாகவே 1933இல் ஒரு புத்தகம் எழுதினார். இந்த ஒரு முடிவுக்காகவே அவரை மதிக்கிறேன். நடமாடுகிறவன் படுத்திருப்பவனுக்குப் பொறுமையைப் போதிப்பதில் உள்ள பொய்யை அவர் கண்டுகொண்டார். தம் புதைகுழியில் கல்லறைக் கல் வைக்கக்கூடாது என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு கல்தொட்டிதான் அங்கே இருக்கிறது.

டாக்டர் பால் பிராண்டையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அவர் நம் மலைக்காரர் அல்லர், கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். தந்தை ஜெஸ்ஸி 1929இல் கருநீர்க் காய்ச்சலில் அங்கேயே இறந்தார். தாய் ஈவ்லின் தொண்ணூறு வயது தாண்டியும் மலை மலையாக ஏறி இறங்கி ஊழியம் செய்தார். மகன் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்யும்போது ஒரு உண்மையைக் கண்டார். விரல்கள் கரைவது நோயால் அழுகி அல்ல. வலி தெரியாததால் சூட்டையும் வெட்டையும் உணராமல் நோயாளியே தன் கையைச் சேதப்படுத்திக்கொள்கிறார். வலி உடலுக்குக் காவல் என்றார் பிராண்ட். நரம்பைப் பற்றி ஒரு மருத்துவர் கண்ட அரிய உண்மை அது. அதை எடுத்துக்கொண்டு, பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் வலியும் ஒரு வரம்தான் அம்மா என்று பிரசங்கம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விரலின் வலிக்குப் பொருந்துவது வயிற்றின் வலிக்குப் பொருந்தாது. பிராண்ட் தம் வாழ்நாளைச் செலவிட்டது வலியைப் புகழ்வதில் அல்ல, நோயாளிகளைக் குணமாக்குவதில்.

பெந்தெகொஸ்தே சபைகளைப் பற்றி பழைய சபைகளைச் சேர்ந்தவர்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். நான் அப்படிப் பேச மாட்டேன். தோட்டத்து லைன் வீடுகளில் நோயும் கடனும் குடியும் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொள்ளும்போது, உன் ஆண்டவர் இன்றைக்கே உனக்கு விடுதலை தருவார் என்று சொல்ல ஆள் வந்தது பெரிய காரியம். உபவாச ஜெபம், முழு இரவு ஜெபம், ஞாயிறு சாட்சி நேரம். அதுவரை எந்த மேடையிலும் பேசாத கொழுந்து பறிக்கும் பெண் எழுந்து நின்று தன் கதையைத் தானே சொல்வதற்கு இடம் கொடுத்தது அந்தச் சாட்சி நேரம்தான். அவள் பேச்சை வெட்டி, அழாதே என்று யாரும் சொல்வதில்லை. குடியை விட்ட ஆண்களின் சாட்சிகள் இந்த மலையில் நிறைய உண்டு. அவற்றில் பலவற்றை அக்கம்பக்கத்தாரே உறுதிப்படுத்துவார்கள்.

ஆனால் குணமாகாதவரின் சாட்சிக்கு அங்கே நேரம் ஒதுக்கப்படுவதில்லை. சுகம் கிடைத்தால் ஆண்டவரின் கிருபை. கிடைக்காவிட்டால் உன் விசுவாசக் குறைவு, மறைந்திருக்கும் பாவம், வீட்டில் இருக்கும் சாபம். புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், நீ முழு மனதோடு நம்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நான் அறிவேன். கடைசி மூன்று வாரமும் அவள் வலியோடு சேர்த்து அந்தக் குற்ற உணர்வையும் சுமந்தாள். சுகமளிக்கும் ஊழியத்துக்குத் தமிழகத்தில் மிகப் பெரிய பெயரான டி.ஜி.எஸ். தினகரனே 1986இல் தம் மகளைச் சாலை விபத்தில் பறிகொடுத்தார். அவருக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பிரபலமான ஊழியர் வீட்டுச் சாவில் கேட்கத் துணியாத கேள்வியை ஏழைப் பெண்ணின் படுக்கையருகில் கேட்கலாமா?

இந்த இடத்தில் யோபிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. எந்தச் சபைக்காரராக இருந்தாலும் இந்த விஷயத்தில் உரைகல் அவர்தான். நம் மண்ணில் யோபின் கதையால் திரும்பிய ஒரு வாழ்க்கையும் இருக்கிறது. திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவலராக இருந்த நட்டாலம் நீலகண்டன், மாடுகள் மடிந்து விளைச்சல் கெட்டு மனம் ஒடிந்திருந்தபோது, குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டுப் பின் மார்த்தாண்ட வர்மாவிடமே படைத்தலைவனான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னார் என்பது மரபு. 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரோடு திருமுழுக்குப் பெற்றார். கட்டி இழுத்துச் செல்லப்பட்டு, வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் பெற்றார். மாடு போன துக்கத்துக்கு ஆறுதல் தேடியவருக்குக் கிடைத்த கதை, மாடுகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. உயிரையே கேட்டது. கடவுளை நம்பினால் கஷ்டம் தீரும் என்ற கணக்கை இந்த ஒரு வாழ்க்கையே அழித்துவிடுகிறது.

யோபின் புத்தகத்தை முழுக்க வாசித்தவர்கள் குறைவு என்பது என் அனுபவம். முதல் இரண்டு அதிகாரத்தையும் கடைசி அதிகாரத்தையும் பிரசங்கத்தில் கேட்டிருப்பார்கள். நடுவில் உள்ள நாற்பது அதிகாரம் அளவுக்கு நீளும் வழக்கை விட்டுவிடுவார்கள். சிநேகிதர் மூவரும் வந்து ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று தொடங்கியதும் கெட்டது காரியம். யோபோ கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். முடிவில் ஆண்டவர் கோபப்படுவது யார்மேல்? தம்மைத் தற்காத்துப் பேசிய சிநேகிதர்மேல். யோபுதான் சரியாகப் பேசினான் என்று தீர்ப்புச் சொல்லி, சிநேகிதருக்காக அவரையே வேண்டிக்கொள்ளச் சொல்கிறார். சங்கீதம் 88 ஆறுதல் எதுவும் சொல்லாமலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்தார்கள். பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளையும் தியானிக்கும்போது நான்காம் வார்த்தைக்கு வந்ததும் கோவிலில் ஒரு அமைதி விழும். கைவிட்டது ஏன் என்று கேட்டவர் குமாரனே. அவர் கேட்கலாம் என்றால் கொழுந்து பறிக்கிறவளும் கேட்கலாம்.

மலையில் இந்தப் பாடத்தை அதிகம் படித்தவர்கள் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாயிற்று. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் கொடுத்து, பலர் இந்த மலைக்கு வந்தார்கள். அவர்களுக்காகவே 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் பின்னர் டான்டீ என்ற அரசு நிறுவனம் ஆயிற்று. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி, குன்னூர் என்று பரவினார்கள். அவர்களில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் உண்டு. பெந்தெகொஸ்தேயானவர்கள் உண்டு. முருகனையும் மாரியம்மனையும் கும்பிடுகிறவர்கள்தான் அதிகம். லைனில் ஒரு சாவு விழுந்தால் இந்த வேறுபாடு எல்லாம் அடங்கிவிடும். அடுத்த வீட்டில் அடுப்புப் பற்றவைத்துச் சாயத்தண்ணி போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் நீட்டுவார்கள். மழைக்குப் படுதா கட்டுவார்கள். உபதேசியார் வருவதற்கு முன்பே, அக்கா, இந்தா குடி, என்று ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இறையியல் தெரியாது. ஏழு நாள் உட்கார்ந்த சிநேகிதரின் நல்ல பகுதியை அவள் மட்டும்தான் சரியாகச் செய்கிறாள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதே மாதம்தான் மலையில் மண் சரியும் மாதமும். 1978 நவம்பர், 1993 நவம்பரில் மரப்பாலம், 2009 நவம்பர் என்று பெரிய சரிவுகள் பல அப்போதுதான் வந்தன. 2009 நவம்பர் 10 அன்று முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 820 மில்லிமீட்டர் மழை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த வீடுகள்மேல் மண் வந்து விழுந்தது. மறு ஞாயிறு சில இடங்களில் இது நியாயத்தீர்ப்பு, மனந்திரும்புங்கள் என்று பிரசங்கம் நடந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்ற கேள்வியை எடுத்து, இல்லை என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார். எஜமானர் இரண்டு முறை மறுத்ததை ஊழியர் மேடையேறி உறுதிப்படுத்தலாமா?

செங்குத்தான சரிவில் வீடு கட்டியவர்கள் யார்? வேறு இடம் கிடைக்காதவர்கள். ஓடையை மறித்தது யார், மரத்தை வெட்டியது யார், சரிவை வெட்டிக் கட்டடம் எழுப்ப அனுமதி கொடுத்தது யார்? இவற்றுக்கு மனிதர்களிடமிருந்து பதில் வாங்க வேண்டும். கடவுளின் சித்தம் என்ற சொல்லால் இந்தக் கேள்விகளை மூடிவிட்டால் அது விசுவாசம் ஆகாது. வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் 'ரெட் டீ' எழுதினார். தமிழில் அது 'எரியும் பனிக்காடு'. தொழிலாளரைத் தின்ற காய்ச்சலும் கங்காணியின் கடனும் துரையின் கொடுமையும் யார் செய்த வேலை என்று அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்றே அறியப்பட்டவர், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்து ஒடுக்கப்பட்டவர்களின் குரலை ஆராதனையில் ஏற்றினார். இவர்களை அரசியல் பேசுகிறவர்கள் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. என் பார்வையில் யோபின் வழக்கைச் சரியான நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் இவர்கள்.

ஆகவே எந்த மரபு உயர்ந்தது என்று கேட்டால் நான் சபையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அழுகிறவள் கடவுளிடம் சண்டை போட அனுமதிக்கும் பக்தி எனக்குப் போதும். குருசடி அதை அனுமதிக்கிறது, சாட்சி நேரம் பாதி அனுமதிக்கிறது, நம் அடக்க ஆராதனைகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஜெபித்துவிட்டு மருத்துவமனைக்கும் அழைத்துப் போகும் சபை நல்ல சபை. மருந்தை விசுவாசத்துக்கு எதிரி ஆக்கும் போதகம் பிராண்டின் வேலூரையும் மறுக்கிறது, நல்ல சமாரியனின் எண்ணெயையும் திராட்சரசத்தையும் மறுக்கிறது. பாவத்தைத் தோண்டித் தேடும் போதகம் யோபின் சிநேகிதர் பெற்ற கண்டனத்தையே பெறும். காத்திருக்கக் கற்றுக்கொடுத்த கேத்தியின் பொறுமையும் வேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்கும் சங்கீதமும் வேண்டும்.

துக்க வீட்டுக்கு முதல் மூன்று நாள் போவதில் நம் சபைகளில் யாரும் குறை வைப்பதில்லை. எனக்குக் கவலை நாற்பதாம் நாளுக்குப் பிறகுதான். படுதா அவிழ்த்தாகிவிடும், பெஞ்சைத் திருப்பிக் கொண்டுபோய்க் கோவிலில் போட்டாகிவிடும். லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தோட்டத்துக் கடிதம் வந்திருக்கும். வருங்கால வைப்பு நிதி, நிவாரணத் தொகை, வாரிசுச் சான்றிதழ் என்று மனுக்கள் எழுதாமல் கிடக்கும். உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்து ஆயர்களையும் பங்குத்தந்தையரையும் பாஸ்டர்களையும் மூப்பர்களையும் அன்பியப் பொறுப்பாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்த நாற்பதாம் நாளுக்குப் பிறகும் போங்கள். பாவத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அவர்கள் ஆண்டவரைத் திட்டினால் குறுக்கே பேசாதீர்கள். தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதத் தெரிந்த ஒருவரையாவது கூடவே அழைத்துப் போங்கள்.